ஆறாம் வகுப்புக்கும் பசிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை என்று கோடு போட்டதில்தான் இடிக்கிறது. எங்கள் ஊரில் இருப்பது எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. நான்காவது படிக்கும் தங்கை தட்டில் பொங்கலும் சாம்பாரும் வாங்கிச் சாப்பிடுவாள். ஆறாவது படிக்கும் அண்ணன் குழாயடியில் நின்றுகொண்டிருப்பான். பாதியை அண்ணனுக்கு ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளும் உண்டு. பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். அப்புறம் 1984இல் 10ஆம் வகுப்பு வரை நீட்டித்தார்கள். காலை உணவுக்கு மட்டும் என்ன தடை? விடிந்ததும் அடுப்பு மூட்டும் சுய உதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள், பாத்திரங்கள் இருக்கின்றன. கூடுதலாக வேண்டியது ரவை, அரிசி, பருப்பு. அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம் (இதை யாரும் பேசுவதில்லை). முதல் கட்டமாக நடுநிலைப் பள்ளிகளிலாவது எட்டாம் வகுப்பு வரை கொடுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மணப்பாறை