மேடை நகருது கண்ணு

கண்ணு, நல்லா இருக்கியா. பெஞ்சுக்கு அடியில இருந்து ரம்ப மெஷின் மேடைய இழுக்க முடியலன்னு சொன்னதுக்கு, அன்னிக்கு போன்ல "பேசாம வீல் மாட்டி விடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு வச்சிட்ட, உனக்கு என்ன ஈஸியா சொல்லிட்ட. வீல் போட்டா மேடை உயரம் ஏறிடும்மா, அப்புறம் பெஞ்சுக்கு அடியில போகவே போகாது.

ரம்ப மெஷினோட சேர்த்து அது 60 கிலோ இருக்கும். மரத்து மேல மரம் உரசுனா வெயிட்ல கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் பலம் போட்டாத்தான் அசையும், அதுவும் மொத அசைவுக்குத்தான் ரொம்ப முக்கணும், நகர ஆரம்பிச்சிட்டா கொஞ்சம் பரவால்ல. நான் அறிவாளி மாதிரி எண்ணெய் விட்டேன். ரெண்டு நாள் ஜோரா ஓடுச்சு, அப்புறம் கட்டை எண்ணெய குடிச்சிருச்சு, மேல இருந்தது மரத்தூளோட சேர்ந்து களி மாதிரி ஆயிருச்சு. சிலிகான் ஸ்ப்ரேயும் கடை வரைக்கும் போயிட்டு வாங்காம வந்துட்டேன், அது பட்ட மரத்துல பின்னாடி வார்னிஷ் சரியா பிடிக்காது. எல்லாத்தையும் சுரண்டிட்டு, இழைச்சு, மெழுகுவர்த்திய நல்லா தேய்ச்சேன், நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது.

ஆனா பாதி தூரத்துல டக்குனு நின்னுரும். இதுக்குத்தான் ஒரு வாரம் மண்டைய உடைச்சிக்கிட்டேன், உங்கம்மா திட்டுனா. கடைசில பாத்தா வழுக்குறது பிரச்சனையே இல்ல, நான் ரெண்டு பக்கமும் காடி, அதாவது நீளமா பள்ளம், எடுத்து டைட்டா மாட்டியிருக்கேன், ஒரு மூலைய பிடிச்சு தள்ளுறப்போ மேடை துளி திரும்புது, எதிர் மூலை போய் காடில கடிச்சுக்குது. மழை ஈரத்துல பலகை அகலவாட்டுல ஊதும், நீளவாட்டுல ஊதாது, அதுவும் சேர்ந்துக்கிச்சு. கடைசல் போடுற லேத் மெஷினோட அடிப்பாகத்துல ஒரு தண்டவாளம் கூரை மாதிரி இருக்கும், இன்னொண்ணு தட்டையா இருக்கும் பாத்திருக்கியா? ஒண்ணு வழி காட்டும், இன்னொண்ணு வெறுமனே வெயிட் தாங்கும். அதே மாதிரி இடது காடிய மட்டும் விட்டுட்டு வலது காடியோட ஓரத்த செதுக்கி எடுத்துட்டேன், கைப்பிடிய நடுவுல மாத்துனேன், வழிகாட்டுற கட்டைய மேடையோட முழு நீளத்துக்கும் போட்டேன். அடியில காய் வெட்டுற வெள்ளை பிளாஸ்டிக் பலகைய பட்டையா அறுத்து ஒட்டாம ஸ்க்ரூ போட்டேன், அதுல பசை பிடிக்காதும்மா. ஸ்க்ரூ தலை வெளிய நீட்டாம குழி எடுத்து இறக்கணும், மொத தடவ மறந்துட்டு கட்டைல கோடு விழுந்துச்சு.

இப்போ ஒத்த கையில வருது. என்ன, மெஷின் ஓடுறப்போ அதிர்வுல தானாவே வெளிய வந்துருது, ஒரு தாழ்ப்பாள் போடணும். உன் ரூம் கதவுல இருந்து கழட்டுன பழசு ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கவா? போன்ல சொல்லு.

அப்பா