29 மான்களின் கணக்கு

அன்பு மகளுக்கு,

உயிர்த்தொகைச் சூழலியல் பாடத்தில் சமன்பாடுகள்தாம் வருகின்றன, விலங்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த எனக்கு அந்தச் சமன்பாட்டைப் புரியவைத்தது, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பேரிங் கடலிலுள்ள செயின்ட் மேத்யூ தீவின் கதை.

1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, அங்கே பணியிலிருந்த தன் வீரர்களுக்கு அவசர உணவாக உதவும் என்று 29 பனிமான்களை அத்தீவில் இறக்கியது. போர் முடிவை நெருங்க, வீரர்கள் வெளியேறினர். வேட்டையாட மனிதரோ ஓநாயோ இல்லாத, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி, பனிமான்களின் குளிர்காலத் தீனி) மெத்தையாகப் படர்ந்திருந்த நிலம் முழுவதும் மான்களுக்கே உரியதாயிற்று. உயிரியலாளர் டேவிட் கிளைன் 1957இல் சென்றபோது 1,350 மான்கள் இருந்தன, 1963இல் 6,000.

இந்த எண்களை நீயே கணக்கிட்டுப் பார். முதல் 13 ஆண்டுகளில் மந்தை சுமார் 2 ஆண்டு 4 மாதங்களுக்கு ஒருமுறை இரட்டித்தது. அடுத்த 6 ஆண்டுகளில் ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ 2 ஆண்டு 9 மாதங்கள் பிடித்தன. அதாவது, ஆண்டுதோறும் கூடும் மான்களின் எண்ணிக்கை முன்னைவிடப் பெரிதாகிக்கொண்டிருந்தபோதே, தலைக்கு இத்தனை என்ற வளர்ச்சி வீதம் இறங்கத் தொடங்கிவிட்டது. 1957ஐ ஒப்பிட, 1963இல் வளர்ந்த பெண்மான்களின் சராசரி எடை 38 விழுக்காடும் ஆண்மான்களின் எடை 43 விழுக்காடும் குறைந்திருந்தன. கன்றுகளின் விகிதமும் சரிந்திருந்தது.

1963-64 குளிர்காலத்தில் கடும்பனி மூடியது. 1966இல் எஞ்சியவை 42. அவற்றில் ஆண் ஒன்றே, கன்று ஒன்றுமில்லை. 1980களுக்குள் மந்தை அற்றுப்போனது.

உன் பாடநூலில் உள்ள எஸ் வடிவ வளைவை 1838இல் தந்தவர் பெல்ஜியத்தின் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட். தாங்குதிறனை, அதாவது ஓரிடம் நிலையாகத் தாங்கக்கூடிய விலங்குகளின் எண்ணிக்கையை, நெருங்க நெருங்க வளர்ச்சி தானே தணிந்து நின்றுவிடும் என்று அது காட்டுகிறது. ஆனால் அந்தத் தாங்குதிறன் மாறாதது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. மேய்ந்த புல் மறுமழைக்குத் துளிர்த்துவிடும். லைக்கன் மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகவே அந்த மான்கள் தீனியோடு சேர்த்துத் தீவின் தாங்குதிறனையே மேய்ந்துவிட்டன என்பதே என் கருத்து. தாங்குதிறனைக் குறிக்கும் எழுத்தை எழுதும்போதெல்லாம், அது எவ்வளவு காலத்தில் மீளக்கூடியது என்று கேட்டுக்கொள்.

களப்பணியில் மான்களை எண்ணும்போது குட்டிகளைத் தனியே எண்ணி, அவை மேய்ந்த இடத்தில் தீனி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா