அரிசியா, சோறா? உங்கள் எடைக்குறைப்புத் திட்டம் பற்றிய முறைப்பாடு

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

இது நான் அனுப்பும் நாலாவது மின்னஞ்சல். முதல் மூன்றுக்கும் "உங்கள் கோரிக்கை கிடைத்தது" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

உங்கள் திட்டக் கையேட்டின் ஆறாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மதியமும் இரவும் "சம்பா அரிசி 100 கிராம், 130 கலோரி." அரிசி என்று போட்டிருந்தபடியால் அரிசியைத்தான் நீங்கள் தந்த தராசில் நிறுத்து உலையில் போட்டேன். ஆறு கிழமை! 100 கிராம் அரிசியில் 360 கலோரி அளவில் இருக்கிறது. 130 என்பது வெந்த சோற்றின் கணக்கு. அரிசி தண்ணீரை இழுத்து ஏறக்குறைய மூன்று மடங்கு பாரமாகிவிடும். பாணை விட்டு, தேத்தண்ணீருக்குச் சீனியை விட்டு, நாளுக்கு 460 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கொட்டும் மழையில் 100ஆம் இலக்க பஸ் பிடித்து உங்கள் கொள்ளுப்பிட்டிக் கிளைக்கு வந்தேன். ஒன்றரை மணித்தியாலம் இருத்திவைத்தார்கள். பிறகு முன்மேசைப் பிள்ளை, "அன்ரி, அரிசியும் சோறும் ஒண்டுதானே, குறைச்சுச் சாப்பிடுங்கோ" என்றா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருக்கலாம். தமிழில் அரிசி வேறு, சோறு வேறு. சிங்களத்திலும் ஹால் வேறு, பத் வேறு. கொழும்பில் விற்கும் கையேட்டை ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லையா?

கோழியைச் சொல்ல மறந்துவிட்டேன். "120 கிராம்" என்று மட்டும் இருக்கிறது. தொலைபேசியில் ஒருவர் பச்சையாக நிறுக்கச் சொன்னார், மற்றவர் சமைத்தபின் என்றார். கோழி வேகும்போது கால்வாசிப் பாரம் போய்விடும். எதை நம்புவது?

18,500 ரூபா போனது. மகளின் கலியாணத்துக்குத் தைத்த பிளவுஸ் ஏறவில்லை. அந்த நாளை எனக்கு யார் திருப்பித் தருவது? என் வாழ்க்கையையே பாழாக்கிவிட்டீர்கள்.

தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் "பச்சை" அல்லது "சமைத்தது" என்று அச்சிடுங்கள். வாங்கிய எல்லோருக்கும் அறிவியுங்கள். உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து, கையேட்டையும் தராசையும் அங்கே கொண்டுபோய் வைப்பேன்.

பற்றுச்சீட்டும் ஆறாம் பக்கத்தின் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06