ஸ்கேனில் விழும் கோடும் மங்கலும்: கண்ணாடியிலேயே சரிசெய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய நூல்களையும் சிற்றிதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் பணி தமிழில் பெரிய அளவில் நடந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டம், தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கும் விக்கிமூலம் ஆகியவற்றை வாசகர்கள் அறிவார்கள். இவற்றுக்கு வெளியேயும் கிளை நூலகங்கள், பள்ளிகள், ஊர்ச் சங்கங்கள், குடும்பங்கள் எனப் பலரும் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரில் பழைய தாள்களைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் படங்கள் பலவற்றில் ஒரே குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: பக்கம் முழுக்க ஓடும் கோடு, வெளிறிய கறுப்பு, பின்பக்க எழுத்தின் நிழல், புள்ளி உதிர்ந்த மெய்யெழுத்து. மெஷின் பழசாகிவிட்டது என்று சிலர் புதிது வாங்குகிறார்கள். பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்னது பெரும்பாலும் வீண்செலவு. பின்னது அதைவிட மோசம். கோட்டை மென்பொருள் அழித்துவிடும். ஆனால் படத்தில் ‘பல’ என்று விழுந்துவிட்டது தாளில் ‘பல்’லாக இருந்ததா என்பது அதற்குத் தெரியாது.

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு தாளும் இரண்டு ஸ்கேனும் போதும். ஒரே நிறமாக உள்ள பழுப்பு அட்டைத் தாளை வைத்து ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். அதே தாளைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கறை தாளோடு சேர்ந்து இடம் மாறினால் அது தாளில் உள்ளது. அதே இடத்தில் புள்ளியாக நின்றால் கண்ணாடியில் ஒட்டிய தூசி. விளக்கு நகரும் திசையிலேயே மேலிருந்து கீழ்வரை கோடாக ஓடினால் குறை கண்ணாடியில் இல்லை, உள்ளே இருக்கிறது. வெள்ளைத் தாளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வெளிர்நிறக் கோடு வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது.

கோடு ஏன் விழுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் பலரும் கண்ணாடியின் மேற்பக்கத்தையே தேய்த்துத் தேய்த்துச் சலித்துப்போகிறார்கள். கண்ணாடி தொடங்கும் ஓரத்தில், சட்டத்தின் அடிப்பக்கம், ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்கேனர் தன் வேலையைத் தொடங்குமுன் அந்தப் பட்டையைப் பார்த்து, ஒளியை உணரும் சென்சாரின் ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவு வெள்ளையைக் காட்டும்படி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துகொள்ளும். பட்டையில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தால், அதற்கு நேராக உள்ள கண்ணுக்கு வெளிச்சம் குறைவாகக் கிடைக்கும். அந்தக் கண் பலவீனமானது என்று கணக்கிட்டு இயந்திரம் அதன் அளவைக் கூட்டிவிடும். அந்தக் கூட்டல் பக்கம் முடியும்வரை மாறாது. ஆகவே அந்த ஒரு வரிசை முழுவதும் வெளிறிய கோடாக நிற்கும். சென்சார் மீதோ லென்ஸ் மீதோ பிறகு விழுந்த தூசி இருண்ட கோட்டைத் தரும். லென்ஸ் வழியாகத் தாளைப் பார்க்கும் சிசிடி வகை சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி வரிசைகள் உண்டு. தூசி அவற்றில் ஒன்றை மட்டும் மறைத்தால் கோடு நிறத்தோடு வரும்.

தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் அமைப்புள்ள மெஷின்களில் இன்னொரு வகைக் கோடு உண்டு. கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்த தாள் சுத்தமாக வருகிறது, இழுவையில் போட்ட தாளில் மட்டும் கோடு விழுகிறது என்றால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையைப் பாருங்கள். உலராத வெள்ளை மை, பசை, ஸ்டேப்ளர் பின் கீறல் ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். மணல் அளவு துகளே போதும், நூறு பக்கத்திலும் கோடு போட்டுவிடும்.

சுத்தம் செய்யும் முறை இது. மின்சாரத்தைத் துண்டியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தரையை ஈரத்துணியால் துடைத்து, தூசி அடங்கிய பிறகு தொடங்குங்கள். மைக்ரோஃபைபர் துணியில் சில சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்து, உலர்ந்த பகுதியால் மறுபடி ஒற்றி எடுங்கள். செல்போன் பழுதுபார்க்கும் பொருள்கள் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். எந்தத் திரவத்தையும் கண்ணாடிமேல் நேராகத் தெளிக்கக் கூடாது. ஓரத்தில் கசிந்து உள்ளே இறங்கினால் வெள்ளைப் பட்டை கறைபட்டு, இல்லாத கோடுகளும் வந்துசேரும். செய்தித்தாள், டிஷ்யூ இரண்டும் வேண்டாம். நூல் உதிரும், கீறலும் விழும்.

கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கியிருந்தால் மேலே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. வெப்பத்தில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியின் உட்புறம் மெல்லிய படலமாகப் படியும். அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரிந்துவிடும். படத்தில் இதன் அடையாளம், கறுப்பு சாம்பலாக வருவதும் எழுத்தைச் சுற்றி வெளிச்சம் கசிவதும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திறக்கலாம். பெரும்பாலான மாடல்களில் கண்ணாடி மேல்சட்டத்தோடு ஒட்டியிருக்கும். திருகுகளைக் கழற்றிச் சட்டத்தையே தூக்க வேண்டும். பட்டன் பலகைக்குப் போகும் தட்டை கேபிள் அறுந்துவிடாமல் மெதுவாகத் தூக்குங்கள். அடிப்பக்கத்தைத் துடைக்கும்போதே வெள்ளைப் பட்டையை உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். சிசிடி ஸ்கேனரின் உள்ளே இருக்கும் நிலைக்கண்ணாடிகளைத் தொடவே கூடாது. வீட்டுக் கண்ணாடிபோல் அல்லாமல் இவற்றுக்குப் பூச்சு முன்பக்கத்தில் இருக்கும், துணி பட்டாலே கீறும். ஊதும் ரப்பர் பல்பு மட்டும் போதும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும்.

கோடு நீளவாக்கில் இல்லாமல் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் அது தூசியின் வேலை அல்ல, நகர்வில் தடங்கல். பெல்ட் தளர்ந்திருக்கலாம், தண்டில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். அதற்கு முன் யுஎஸ்பி கேபிளைப் பாருங்கள். தனி அடாப்டர் இல்லாத மெல்லிய ஸ்கேனர்கள் அந்தக் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கின்றன. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். நீளக் கேபிளிலோ பல கருவிகள் பகிரும் ஹப்பிலோ செருகினால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. கம்ப்யூட்டரின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வந்தால், பயணத்துக்காகப் போட்ட பூட்டை எடுக்கவில்லை என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

அந்த மெல்லிய ஸ்கேனர்கள் சிஐஎஸ் வகை, அதாவது சென்சார் கண்ணாடிக்கு மிக அருகிலேயே இருப்பவை. கண்ணாடியை ஒட்டியுள்ளதை மட்டுமே அவை துல்லியமாகப் பார்க்கும். தாள் ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே எழுத்து மங்கும். தனித்தாளுக்கும் மார்க் ஷீட்டுக்கும் இவை நன்றாகவே போதும். கட்டிய புத்தகத்தின் நடுமடிப்பில் தோற்றுப்போகும். லென்ஸ் வைத்த சிசிடி வகை சில மில்லிமீட்டர் உயரத்தையும் தாங்கும். எந்த வகையானாலும், மடிப்பைத் தெளிவாக்க முதுகை அழுத்தி நூலைக் கிழிக்க வேண்டாம். மரக்கூழ்த் தாளில் அச்சான பழைய நூல்கள் அப்பளமாக நொறுங்கும். அத்தகைய நூலுக்கு ஸ்கேனரே கூடாது; மேலிருந்து கேமராவில் எடுப்பதே முறை.

பின்பக்க எழுத்துத் தெரிவதற்கு மூடியின் உட்புற வெள்ளைதான் காரணம். தாளை ஊடுருவிய வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் திரும்பும்போது மறுபக்க அச்சையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை வைத்தால் அந்த நிழல் பெருமளவு அடங்கும். தாள் சற்றுச் சாம்பலாக வரும்; தாளின் நிறமே வெள்ளையாக வரும்படி மென்பொருளில் வெள்ளையின் எல்லையை நகர்த்தினால் சரியாகிவிடும்.

இனி அமைப்புகள். மிகப் பெரிய இழப்பு நேர்வது இங்கேதான். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை. 300 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். மெய்ப்புள்ளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதற்குக் கிடைப்பது 4 பிக்சல். 150 டிபிஐயில் அது 2. மை சற்று மங்கியிருந்தால் அந்த இரண்டும் தாளின் கறையோடு கரைந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, ளை, ணை, னை எழுத்துகளின் மேல்வளைவுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே நூல் எழுத்துக்கு 300க்குக் குறையக் கூடாது. அடிக்குறிப்பு, பஞ்சாங்கம் போன்ற பொடி எழுத்துக்கு 600 வையுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 9600, 19200 போன்ற எண்களை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் மென்பொருள் இடையில் இட்டுநிரப்பிய கணக்கு. சென்சார் உண்மையில் பார்க்கும் அளவைச் சொல்லும் ஆப்டிகல் ரெசல்யூஷன் என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

அதைவிட முக்கியம், ‘பிளாக் அண்டு ஒயிட்’ என்ற தேர்வைத் தவிர்ப்பது. அது ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று ஒரே எல்லையில் வெட்டிவிடும். பழுப்பேறிய தாளில் ஓரம் இருண்டும் நடு வெளிறியும் இருக்கும். ஒரே வெட்டில் ஓரம் கரியாகும், நடுவில் புள்ளிகள் மறையும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களையும் பதியும் கிரேஸ்கேலில் எடுத்தால் எல்லாமே மிஞ்சும். கறுப்பு வெள்ளையாக்குவதை ஸ்கேன் டெய்லர் போன்ற இலவச மென்பொருளில் பிறகு நிதானமாகச் செய்யலாம். ஏ4 பக்கம் 300 டிபிஐ கிரேஸ்கேலில் 9 எம்பிக்குள் அடங்கும், வண்ணத்தில் 26 எம்பி ஆகும். இன்றைய ஹார்டு டிஸ்க் விலையில் இது பொருட்டே இல்லை. தாளில் பழுப்புக் கறை மிகுந்திருந்தால் வண்ணத்தில் எடுத்து, சிவப்பு சேனலை மட்டும் பிரித்துப் பாருங்கள். பழுப்பு நிறம் சிவப்பொளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் கறை வெளுத்து, கறுப்பு மை தனித்து நிற்கும். சிவப்பு முத்திரையும் அதில் மறைந்துவிடும் என்பதால், பத்திரங்களுக்கு வண்ணப் படத்தையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூலப்படத்தை, தரத்தை இழக்காமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தோரங்களில் கொசு மொய்த்ததுபோல் அழுக்குச் சேரும். அளவுக் கட்டுப்பாடு உள்ள இணையதளங்களில் ஏற்ற வேண்டியிருந்தால், மூலத்தை நல்ல அளவில் எடுத்துவிட்டு நகலை மட்டும் சுருக்குங்கள். 75 டிபிஐயில் எடுத்த சான்றிதழைப் பிறகு யாராலும் பெரிதாக்கிப் படிக்க முடியாது. இ-சேவை மைய ஊழியர்களும் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

படங்களுக்கு ஓரிரு குறிப்புகள். பத்திரிகைப் படத்தில் அலையலையாகக் கோலம் விழுந்தால் அது அச்சின் புள்ளிகளும் சென்சார் வரிசையும் மோதுவதால் வருவது. ஸ்கேன் மென்பொருளில் இந்தக் கோலத்தை நீக்கும் டீஸ்கிரீன் தேர்வைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் 600 டிபிஐயில் எடுத்து, லேசாக மங்கலாக்கி, பாதியாகக் குறையுங்கள். பளபளப்பான ஃபிலிம் கண்ணாடியோடு ஒட்டினால் வானவில் வளையங்கள் வரும். சிறிது இடைவெளி விட வேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய புகைப்படத்தைப் பிய்த்தெடுக்காமல் அப்படியே வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

நூல்களை மொத்தமாக ஸ்கேன் செய்ய வெளியாருக்குப் பணி கொடுக்கும் நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் பக்க எண்ணிக்கையும் விலையும் மட்டும் எழுதாதீர்கள். 300 டிபிஐக்குக் குறையாத கிரேஸ்கேல் டிஃப் கோப்பு, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் பழுப்பு அட்டையில் ஒரு சோதனை ஸ்கேன், தொகுதிக்குப் பத்துப் பக்கமாவது பெரிதாக்கிப் பார்த்து மெய்ப்புள்ளிகளைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றையும் நிபந்தனையாகச் சேருங்கள். நூல் அலமாரிக்குத் திரும்புமுன் இந்தச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆவணப் பதிவுப் பணியில் உள்ள வாசகர்,
திருச்சி