மணமகள் கையெழுத்துப் போடுவதை எந்த இமாம் தடுத்தார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி ஒரு சகோதரர் எழுதியிருந்த கடிதத்தை வாசித்தேன். சட்டத்தைத் திருத்தச் சொல்லும் பெண்கள் யாரோ வெளிநாட்டார் பேச்சைக் கேட்டு அல்லாஹ்வின் சட்டத்தில் கை வைக்கப் பார்க்கிறார்களாம். நான் தெமட்டகொடையில் அயல் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவள். மார்க்கத்தை விட்டுவிட்டு எனக்கு ஒரு உரிமையும் வேண்டாம். ஆனால் அந்தச் சகோதரர் அல்லாஹ்வின் சட்டம் என்று சொல்வது உண்மையில் எது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர் காக்க நினைப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன் 1929இல் ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது, முஸ்லிம்களின் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதிமார் வந்தது அதிலேதான். அதற்கும் முன் ஆங்கிலேயர் காலத்து 1806ஆம் ஆண்டுச் சட்டக்கோவை, அதன் வேரைத் தேடிப்போனால் ஒல்லாந்தர் 1770இல் பத்தாவியாவிலிருந்து இங்கே கொண்டுவந்த சட்டத் தொகுப்பு. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கை வைத்து, பிறகு நமது பாராளுமன்றம் கை வைத்து உருவான ஒன்றை இன்று நம் பெண்கள் மட்டும் தொடக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? அதிலே ஷரீஆ இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஷரீஆவின் ஒரு விளக்கம். நம் இமாம்களுக்குள்ளேயே வேறு விளக்கங்கள் இருக்கின்றன, அதையெல்லாம் ஜும்ஆ பயானில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கையெழுத்து விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் நிகாஹ், அதாவது திருமணம், எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளியிலோ மண்டபத்திலோ ஆண்கள் கூடியிருப்பார்கள், பதிவாளர் பெரிய புத்தகத்தை விரிப்பார், மாப்பிள்ளை கையெழுத்து வைப்பார், பெண்ணின் வலியாக, அதாவது பொறுப்பாளராக, வாப்பாவோ நானாவோ (அண்ணனோ) கையெழுத்து வைப்பார், நிகாஹ் நடத்தியவரும் வைப்பார். மணமகள் உள்ளறையில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருப்பாள், முடிந்துவிட்டது என்று யாராவது ஒரு மாமி வந்து சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் அவள் ஒப்பமிட வேண்டும் என்று சட்டம் கேட்பதே இல்லை. அதே பிள்ளை அடையாள அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்திருக்கிறாள், வங்கிக் கணக்கில் வைத்திருக்கிறாள், ஏ.எல். பரீட்சை எழுதப் போன இடத்திலும் வைத்திருக்கிறாள். அவளுடைய சொந்த நிகாஹுக்கு மட்டும் வேறொருவர் கை போதுமாம்.

இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது? கன்ஸா பின்த் கிதாம் என்ற ஸஹாபிப் பெண்ணை, அதாவது நபித்தோழியை, அவருடைய தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்துக் கொடுத்தார், அவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து முறையிட்டபோது அந்த நிகாஹையே நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். இது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர் ஏற்கெனவே திருமணமானவர், கன்னிப்பெண்ணின் நிலை வேறு என்று பதில் வரும், தெரியும். சரி, கன்னிப்பெண் ஒருத்தி இப்படி முறையிட்டு வந்தபோதும் முடிவை அவளிடமே நபியவர்கள் விட்டதாக இப்னு அப்பாஸ் ரலி அவர்களின் அறிவிப்பு அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறதே. கன்னியிடம் அனுமதி கேட்காமல் நிகாஹ் செய்யக்கூடாது, அவளுடைய மௌனம் அவளுடைய அனுமதி என்ற ஹதீஸும் இருக்கிறது. வெட்கப்படுகிற பிள்ளைக்குச் சலுகையாகச் சொன்னதை அவளிடம் கேட்கவே தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக்கியது யார்?

இங்கேதான் மத்ஹபுகள், அதாவது இமாம்களின் சட்ட வழிகள், பிரிகின்றன. நாம் பெரும்பாலும் ஷாபிஈகள், வலி இல்லாமல் நிகாஹ் இல்லை என்பது நமது நிலைப்பாடு. இமாம் அபூஹனீபா ரஹ் அவர்களோ பருவமடைந்த, புத்தி தெளிந்த பெண் தன் நிகாஹைத் தானே செய்துகொள்ளலாம் என்றார்கள். அவர்கள் என்ன, மேற்கத்தியச் சிந்தனையாளரா? வலியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, வாப்பா பக்கத்தில் நிற்கட்டும், துஆச் செய்யட்டும், அவரும் கையெழுத்து வைக்கட்டும். மணமகளும் வைக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். அதைத் தடுத்த இமாம் யார் என்று அந்தச் சகோதரர் ஒரு பெயராவது சொல்லட்டும்.

அடுத்தது காதி நீதிமன்றம். எங்கள் அயலில் ஒரு பிள்ளை பஸ்ஹ், அதாவது மனைவி காரணம் காட்டிக் கேட்கும் விவாகரத்து, கேட்டுப் போனாள், துணைக்கு நானும் போனேன். எந்தக் காதியிடம் என்று எழுத விரும்பவில்லை, அந்தப் பிள்ளை இன்னும் இந்த ஊரில்தான் வாழ வேண்டும். காதி, மூன்று ஜூரிமார், எழுதுகிறவர், எதிர்ப்பக்கத்தில் கணவனும் அவன் நானாவும். அத்தனை ஆண்களுக்கு நடுவே, ஏன் அவனோடு வாழ முடியாது என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினாள், குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றார். அவள் என்னைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தாலும் அவளுக்காகப் பேச எனக்கு அனுமதி இல்லை. சட்டத்தரணி வைத்துக்கொள்ளவும் சட்டம் விடாது. கணவன் தலாக் சொல்ல வந்தால் காரணம் காட்டவே தேவையில்லை, மனைவி பஸ்ஹ் கேட்டால் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்ததற்கு அவள் சாட்சிக்கு எங்கே போவாள்?

அந்த இடத்தில் ஒரு பெண் காதி இருந்திருந்தால் அவள் வாய் திறந்திருப்பாள். ஆனால் காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று 1951 சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ஜூரிமாரும் ஆண்கள், மேன்முறையீட்டுக்குப் புதுக்கடையில் இருக்கும் காதிகள் சபைக்குப் போனால் அங்கேயும் ஆண்கள். பெண் நீதி வழங்கக்கூடாது என்பது பெரும்பான்மை உலமாக்களின் கருத்து, அதை மறைக்கவில்லை. ஆனால் ஹுதூத், கிஸாஸ் என்ற குற்றத் தண்டனை வழக்குகள் தவிர்ந்த விஷயங்களில் பெண் காதியாகலாம் என்று இமாம் அபூஹனீபாவின் ஹனபி மத்ஹபில் கருத்து இருக்கிறது. இமாம் தபரி பொதுவாகவே அனுமதித்ததாகச் சொல்கிறார்கள், இப்னு ஹஸ்மும் அனுமதித்தார். மத்ஹபை மாற்றவா சொல்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: இந்தோனேசியர்களும் மலேசியர்களும் நம்மைப் போலவே ஷாபிஈகள். இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பல காலமாகப் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள், மலேசியாவிலும் 2010இலிருந்து ஷரீஆ நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகள் உண்டு. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தாதான். நமக்குச் சட்டம் வந்த ஊரில் பெண்கள் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள், 2019இல் பெண்ணின் திருமண வயதையும் 19 ஆக்கிவிட்டார்கள். நமது சட்டத்தில் இன்னும் 12 வயதுக்குக் கீழே என்றால் மட்டும் காதியின் அனுமதி வேண்டும் என்று கிடக்கிறது. அந்த வரியை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பலதார மணத்திலும் இதே கதைதான். அந்நிஸா அத்தியாயத்தின் 3ஆம் வசனத்தை எல்லோருக்கும் தெரியும். நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அதே வசனம் சொல்வதும், எவ்வளவு ஆசைப்பட்டாலும் மனைவியரிடையே உங்களால் நீதி செலுத்த முடியாது என்று 129ஆம் வசனம் சொல்வதும் பலருக்கு ஞாபகம் வராது. 129 மனதிலுள்ள அன்பைப் பற்றியது, அதனால் அனுமதி நீங்கவில்லை என்று பெரும்பாலான முபஸ்ஸிர்கள், அதாவது குர்ஆன் விரிவுரையாளர்கள், விளக்குகிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்து 1956இல் துனிசியா பலதார மணத்தையே தடுத்தது. பாகிஸ்தான் தடுக்கவில்லை, ஆனால் 1961இலிருந்து மத்தியஸ்த சபையின் அனுமதி வேண்டும் என்றது. நம் சட்டத்தில் காதிக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்தால் போதும், முதல் மனைவியின் சம்மதம் தேவையில்லை, இரண்டாவது குடும்பத்தையும் நடத்த அவனிடம் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும் இல்லை.

இது நேரமல்ல என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அளுத்கமையிலும் திகனயிலும் நம்மவர்கள் மேல் நடந்த வன்முறை, பிறகு கொவிட் காலத்தில் நம் ஜனாஸாக்களை (இறந்தவர்களின் உடல்களை) எரித்தது, எல்லாவற்றையும் நாங்களும்தான் அழுது கடந்தோம். நம் பெண்களின் கஷ்டத்தைக் காட்டி நம் சமூகத்தையே அடிக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எங்களுக்கு ஒரு உறவும் இல்லை. ஆனால் நீதியரசர் சலீம் மர்சூப் அவர்களின் தலைமையில் இந்தச் சட்டத்தின் திருத்தங்களைப் பரிந்துரைக்கக் குழு அமைத்தது 2009இல், அறிக்கை வந்தது 2018இல், அதுவும் இரண்டு தரப்பாகப் பிரிந்து வந்தது. ஒரே குர்ஆன், ஒரே ஹதீஸ், கற்றறிந்த முஸ்லிம்கள் கொண்ட ஒரே குழு, அதற்குள்ளேயே இரண்டு விளக்கம். அப்படியிருக்க ஒரு தரப்பை மட்டும் ஷரீஆ என்றும் மற்றதைச் சதி என்றும் எப்படிச் சொல்கிறீர்கள்? எங்களுக்கு இந்தச் சட்டத்தை விட்டு வெளியே போகவும் வழியில்லை, இரண்டு முஸ்லிம்கள் பொதுச் சட்டத்தின் கீழ் விவாகம் பதிய முடியாது. அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்வதால் உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் கதவு திறக்காது. சட்டத்தைத் திருத்தினால்தான் உண்டு.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மர்சூப் அறிக்கையின் இரண்டு தரப்புப் பரிந்துரைகளையும் பக்கம் பக்கமாக வைத்து எளிய தமிழில் உங்கள் பத்திரிகையில் போடுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவிலிருந்து ஒரு மௌலவியையும், ஷரீஆ படித்த ஒரு மௌலவியாவையும் அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். நான் அதைப் பிரதி எடுத்து எங்கள் வீட்டுக்கு ஓத வரும் பிள்ளைகளின் உம்மாமாருக்குக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழும்பு 09.