வட ஆற்காட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் உள்ள உங்கள் கல்லூரிகளில், இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் ஒன்றாவது துகள் உணர்கருவிக்கான டிரிகரும் (எந்த நிகழ்வைப் பதிவது என்று நொடியில் முடிவெடுக்கும் சுற்று) தரவு சேகரிப்பும் பற்றியதாக இருக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். அந்தத் துறையில் வேலை பார்க்கும் காட்பாடிக்காரன் நான்.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி என்ற துகள் முடுக்கி வளையத்தில் புரோட்டான் கற்றைகள் 25 நானோ வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 4 கோடி முறை, ஒன்றையொன்று கடக்கின்றன. அந்த இடைவெளியில் ஒளியே ஏழரை மீட்டர்தான் செல்லும். அங்கே மோதல்களைப் பதியும் அட்லஸ் உணர்கருவியின் நீளமோ 44 மீட்டர். ஆகவே ஒரு மோதலில் பிறந்த துகள்கள் கருவியை விட்டு வெளியேறுமுன்பே அடுத்த மோதல் நடந்துவிடுகிறது. இத்தனையையும் எழுதி வைக்க எந்த வட்டும் போதாது. எனவே அதே வளையத்தின் இன்னொரு உணர்கருவியான சிஎம்எஸ்ஸில், எஃப்பிஜிஏ சில்லுகளால் (உள் இணைப்பை நாமே நிரலால் மாற்றி அமைக்கக்கூடியவை) ஆன முதல்நிலை டிரிகர் சுமார் 4 மைக்ரோ வினாடிக்குள் முடிவெடுத்து, வினாடிக்கு ஏறத்தாழ 1 லட்சம் நிகழ்வுகளை மட்டும் உள்ளே விடுகிறது. முடிவு வரும்வரை தரவு முழுவதும் கருவியின் நினைவகத்தில் வரிசையில் காத்திருக்கும். அதன்பின் கணினிகள் அதையும் வினாடிக்குச் சில ஆயிரமாகச் சுருக்குகின்றன. தள்ளிவிட்ட நிகழ்வை யாராலும் மீட்க முடியாது. எந்த இயற்பியல் கண்ணில் படும், எது படாது என்பதைத் தீர்மானிப்பவர்களில் டிரிகரை வடிவமைக்கும் மின்னணுவியல் பொறியாளரும் ஒருவர் என்பதை நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இது நமக்கு அந்நியமானதும் அல்ல. வட ஆற்காட்டுக் குடும்பங்கள் பல தலைமுறையாக வேலைக்குப் போன கோலார் தங்கவயலில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965-இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான், பிரிட்டன் அறிஞர்களும் வளிமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவும் நியூட்ரினோ துகள்களின் தடத்தைக் கண்டார்கள். அங்கும் சிண்டிலேட்டர்கள் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்கள்) ஒருசேரத் துடித்தால்தான், தடத்தைக் காட்டும் நியான் குழாய்களுக்கு மின்னழுத்தம் போகும்.

உங்கள் ஆய்வகத்தில் இதையே சிறிய அளவில் செய்யலாம். 20 செ.மீ. சதுரமான சிண்டிலேட்டர் தகடு ஒன்றின் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 400 மியூவான்கள் (வானிலிருந்து எப்போதும் பொழியும் துகள்கள்) கடந்து போகும். ஒற்றைத் தகடு பொய்த் துடிப்புகளையும் சேர்த்தே தரும் என்பதால், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் வினாடிக்கு 1000 பொய்த் துடிப்பு தந்தாலும், துடிப்பின் அகலம் 100 நானோ வினாடியாக இருந்தால், தற்செயலாக இரண்டும் பொருந்துவது ஐந்து வினாடிக்கு ஒருமுறைதான். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டு, பிறகு ஆசிலாஸ்கோப்பில் கண்ணால் பார்க்கும் மாணவருக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது.

தரவைப் படித்தெடுக்க ஆகும் நேரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒரு நிகழ்வைப் படித்தெடுக்க 1 மில்லி வினாடி ஆகும், வினாடிக்குச் சராசரியாக 1000 நிகழ்வுகள் வருகின்றன என்றால், எல்லாம் சரியாகப் பொருந்திவிடும் என்றே எவருக்கும் தோன்றும். நிகழ்வுகள் சீராக வருவதில்லை. சமயம் பாராமல் வருகின்றன. அதனால் இடையில் தாங்கு நினைவகம் (பஃபர்) இல்லாவிட்டால் பாதி நிகழ்வுகள் கைநழுவும். பெரிய கருவிகளில் பஃபர்களுக்கு இவ்வளவு உழைப்பு செலவாவது இதனால்தான்.

கடையில் விலைக்கு வாங்கிய ரெடிமேட் புராஜெக்ட்டை வாய்மொழித் தேர்வில் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. திறமை அவர்களிடம் இருக்கிறது. முட்டி மோதிக் கற்க ஒரு நல்ல கணக்குதான் கிடைக்கவில்லை. எஃப்பிஜிஏ பலகைகள் உங்களில் பலரிடம் ஏற்கெனவே இருக்கும். வரும் பருவத்தில் துறைக்கு ஒரு குழுவுக்காவது இதைக் கொடுங்கள்; வேலூரில் எடுத்த எண்ணிக்கையை ஏலகிரி மேலே எடுத்ததோடு அவர்கள் ஒப்பிடட்டும்; மதிப்பெண்ணை, இழந்த நிகழ்வுகளை அவர்கள் எவ்வளவு சரியாகக் கணக்கிட்டார்கள் என்பதைப் பார்த்து இடுங்கள். சுற்றின் வரைபடத்தைச் சரிபார்க்கவும், மாணவர்களோடு உட்கார்ந்து நிரலைத் திருத்தவும் அழைத்தால் எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன்.

இப்படிக்கு,
காட்பாடியைச் சேர்ந்த மின்னணுவியல் பொறியாளர் ஒருவர்