லேப்டாப்பை மாற்றாதே, கொஞ்சம் பொறு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது, போன மாதம் நீ எழுதியதிலிருந்து அதே நினைப்பாகவே இருந்தேன். மற்றதையெல்லாம் பிறகு எழுதுகிறேன், முதலில் அந்த லேப்டாப் விஷயம். அது அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், கொஞ்சம் பொறு. நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் நாலைந்து தடவை படித்தேன்: அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் அது ஒரு முறைகூட நிற்கவில்லை என்கிறாய். அங்கே வைஃபை கிடையாது, லேப்டாப்பின் வைஃபை கார்டை ஆஃப் செய்துவிட்டுத்தான் எழுதினேன் என்று அதற்கு முந்தைய பத்தியில் நீயே சொல்லியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் பார்.

நான் இதே பாட்டைப் பட்டவன். அப்போது உனக்கு எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து மாதம் என் லேப்டாப் நினைத்த நேரத்தில் நீலத்திரை காட்டி நின்றது. ராம் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார், மாற்றினேன். விண்டோஸை அழித்து மறுபடி போடு என்றார் இன்னொருவர், அதையும் இரண்டு தடவை செய்தேன், அதில் மூன்று வருஷத்துக் குறிப்புகள் போயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் ஒரு நாள் ரவுட்டர் பழுதாகி இரண்டு நாள் இணையம் இல்லாமல் இருந்தபோதுதான், அந்த இரண்டு நாளும் லேப்டாப் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியதைக் கவனித்தேன். அதுவரை எப்போது நிற்கிறது என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போதெல்லாம் நிற்காமல் ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றவேயில்லை.

ஒரு வைஃபை கார்டு எப்படி மொத்த லேப்டாப்பையும் சாய்க்கும் என்று கேட்பாய், நானும் அதைத்தான் கேட்டேன். நாம் திறந்து வேலை செய்கிற புரோகிராமில் கோளாறு வந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம் ஒதுக்கி விண்டோஸ் வேலி போட்டு வைத்திருக்கிறது. கார்டு போன்ற பாகங்களை இயக்கும் புரோகிராமான டிரைவருக்கு அந்த வேலி கிடையாது. அது கெர்னலுக்குள், அதாவது விண்டோஸின் நடுவீட்டில் உட்கார்ந்து ஓடுகிறது. காற்றில் தகவல் வந்ததும் கார்டு ப்ராசஸரை அவசரமாகக் கூப்பிடும், அந்த அவசரத்தில் டிரைவர் தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டாலோ, வேலையைச் சட்டென்று முடித்துக்கொண்டு விலகாமல் இழுத்தடித்தாலோ, அதன்பிறகு எதை நம்பலாம் என்று விண்டோஸுக்குத் தெரியாது. டிஸ்கில் இருப்பதாவது கெடாமல் தப்பட்டும் என்று அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நீ பார்க்கிற நீலத்திரை அதுதான் (விண்டோஸ் 11-இல் இப்போது அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள், விஷயம் ஒன்றே).

அந்தத் திரையில் கீழே சின்ன எழுத்தில் ஒரு பெயர் வரும், நீ அதைக் குறித்து வைக்கவில்லை. அடுத்த முறை கட்டாயம் போனில் படம் எடுத்துவிடு. உடனே மறைந்துவிடுகிறது என்றால் சிஸ்டம் செட்டிங்கில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்திவை, திரை அப்படியே நிற்கும். 'டிரைவர் ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று வந்தால் பெரும்பாலும் நான் சொன்ன முகவரிக் கோளாறு. 'டி.பி.சி. வாட்ச்டாக் வயலேஷன்' என்றால் யாரோ இழுத்தடித்திருக்கிறார்கள். 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்றால் லேப்டாப் தூங்கும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு டிரைவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூடியைத் திறந்ததும் நிற்கிறது என்று நீ எழுதியிருப்பதால் இந்த மூன்றாவதாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பெயருக்குப் பக்கத்தில் எஸ்.ஒய்.எஸ். என்று முடியும் ஒரு ஃபைல் பெயர் வந்தால் அதையும் எழுதிக்கொள்.

படம் எடுக்கத் தவறினாலும் பரவாயில்லை. விண்டோஸ் போல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு போல்டர் இருக்கும், ஒவ்வொரு தடவை நின்றபோதும் பெரும்பாலும் அதில் தேதியோடு ஒரு ஃபைல் விழுந்திருக்கும். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவசப் புரோகிராம் அதைத் திறந்து எந்த டிரைவர் மேல் சந்தேகம் என்று காட்டும். விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, முந்தைய முறை ஒழுங்காக மூடாமல் நின்றது என்று மட்டுமே அது சொல்கிறது, காரணம் அதில் இருக்காது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பவர் சப்ளையை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையில் பெயர் வந்தவன்தான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடாதே. என்.டி.ஐ.எஸ். என்று ஒரு பெயர் வரலாம், அது விண்டோஸின் சொந்த நெட்வொர்க் அடுக்கு, அதற்குக் கீழே இருக்கும் கார்டு டிரைவரோ, நடுவில் புகுந்திருக்கும் ஆன்டிவைரஸ், வி.பி.என். போன்றவையோ செய்த தப்புக்கு அது பெயர் கொடுத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் சம்பந்தமில்லாத வெவ்வேறு பெயராக வந்தால் அப்போது ராமைச் சோதி. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை விடாதே.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால் உன் எழுத்துகளை வேறொரு டிஸ்கில் நகல் எடு, இன்றைக்கே எடு, என் கதை உனக்கு வேண்டாம். பிறகு லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை (அந்தக் கார்டைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்) டிஸேபிள் செய்துவிட்டு மூன்று நாள் ஓட்டு. ஏரோப்ளேன் மோடு போதாது, அதில் ரேடியோதான் அணைகிறது, டிரைவர் உள்ளேதான் இருக்கும். இணையம் வேண்டுமென்றால் கேபிள் போடு, இல்லாவிட்டால் போனை யு.எஸ்.பி. வழியாக இணைத்துக்கொள். ப்ளூடூத்தும் பெரும்பாலும் அதே கார்டில்தான் இருக்கும், அதையும் சேர்த்து நிறுத்து. மூன்று நாளும் நிற்காமல் ஓடினால் ஆள் அகப்பட்டான்.

அப்புறம் டிரைவர். லேப்டாப் செய்தவர்களின் தளத்தில் உன் மாடலுக்கு என்று கொடுத்திருப்பதை எடு, 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்கள் பக்கம் போகவே போகாதே, தவறான டிரைவரைப் போட்டு இன்னும் சிக்கலாக்கிவிடும். ஏதாவது அப்டேட்டுக்குப் பிறகுதான் இது தொடங்கியது என்றால் ரோல்பேக் பொத்தானை அழுத்தி பழைய டிரைவருக்குப் போ, புதியதுதான் நல்லது என்று ஒன்றும் இல்லை. அழித்துவிட்டுப் போடுவதானால் டிரைவர் ஃபைலையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய், இல்லாவிட்டால் விண்டோஸ் அதே பழையதை எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளும். அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும் (சில லேப்டாப்பில் அந்தப் பக்கமே இருக்காது), அதை எடுத்துவிடு. எனக்கு மூடி திறக்கும்போது வந்த நீலத்திரை இந்த ஒரே டிக்கில் பாதிக்குமேல் குறைந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இரண்டு மூன்று நாள் பார், பிறகு அடுத்தது. நான் முதல் தடவை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் நின்றேன்.

பலருக்குத் தெரியாத ஒன்று: விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது நீ ஷட்டவுன் கொடுத்தால் கெர்னல் முழுவதாக மூடாது, டிரைவர்களின் நிலையோடு சேர்த்து டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த நாள் அதையே எடுத்து விரித்துக்கொள்ளும். நேற்றைய குழப்பம் இன்றைக்கும் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரீஸ்டார்ட் செய், இந்தச் சோதனை முடியும்வரை அந்த வசதியை நிறுத்தியே வை.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால், அல்லது அடாப்டர் டிவைஸ் மேனேஜரிலிருந்தே திடீர் திடீரென்று காணாமல் போனால், கோட் 10, கோட் 43 என்று மஞ்சள் அடையாளம் காட்டினால், கார்டே போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் நடந்தது. பெரும்பாலான லேப்டாப்பில் அது 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு எம்.2 கார்டு, ஒரே ஸ்க்ரூ, இரண்டு ஆண்டெனா ஒயர். பேட்டரி இணைப்பை முதலில் கழற்று. ஒயரின் முனையைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்கு, எது எதில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள். ஆனால் வாங்குவதற்கு முன் விசாரி: சில லேப்டாப்பில் கார்டு போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், சில கார்டுகள் குறிப்பிட்ட வகை ப்ராசஸர்களோடு மட்டும்தான் வேலை செய்யும், சில லேப்டாப்பின் பயோஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் தொடக்கப் புரோகிராம்) தெரியாத கார்டை ஏற்காது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் உள்ளிருப்பதை டிஸேபிள் செய்துவிட்டு ஒரு யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் செருகிக்கொள், உன் எழுத்து வேலைக்கு அது தாராளம்.

என் பக்கத்துச் செய்தி: இடது கண் ஆபரேஷன் முடிந்தது, எழுத்து தெளிவாகத் தெரிகிறது, இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுத முடிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள், வாரம் ஒரு தடவை பேசுகிறாள். நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களில் இரண்டு படித்தேன், உன் அப்பாவைப் பற்றிய பகுதியில் நீ எதையோ சொல்லாமல் நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டும். அந்த மூன்றாவது அத்தியாயத்துக்கு உன்னிடம் வேறு நகல் இல்லை என்று எழுதியிருந்தாயே, அது என்னிடம் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மினிடம்ப் ஃபைல்களை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை போனில் சேர்ந்து பார்ப்போம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு